படைக்காத தட்டு

தீபாவளிக்கு முதல் நாள், பொழுது சாய்வதற்குள் அந்தத் தட்டு எங்கள் பின்வாசலுக்கு வந்துவிடும். நீலக்கரை போட்ட மங்குத் தட்டு. ஓரத்தில் ஒரு காசு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கறுத்திருக்கும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. மேலே தூசி விழாமல் ஒரு தமிழ் நேசன் தாள். கொண்டுவரும் பக்கத்து வீட்டுச் சின்னம்மா குசினிப் படியில் கால் வைக்கமாட்டார். வெளியில் நின்றபடியே என் பாட்டியிடம் சொல்வார்: "இன்னும் படைக்கல, பெரியம்மா. புள்ளைங்களுக்குக் குடுங்க."

பாட்டி வாங்கி, பலகாரத்தை எங்கள் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, தட்டைக் கழுவித் துடைப்பார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. உள்ளே போய் ஒரு பிடி அரிசி அள்ளிவந்து அதில் போட்டுக் கொடுப்பார். சின்னம்மாவும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். இரண்டு பேரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இது 1960களின் நடுப்பகுதி. ஜொகூரில், குளுவாங்குக்குத் தெற்கே, லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பன்னிரண்டு வீட்டு லயத்தில் எங்களுடையது ஒன்றுதான் வேதக்காரர் வீடு. கிறிஸ்தவர் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன். தோட்டத்தில் எல்லாருக்கும் நாங்கள் வேதக்காரர்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் சபையில் குடும்பங்களுக்கான வகுப்பு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமை, தலைப்பு "விக்கிரகாராதனையும் நன்றியறிதலும்". வசனம் தேடப் போன எனக்கு முதலில் அகப்பட்டது அந்தத் தட்டுதான்.

சின்னம்மா பைபிள் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களுக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கொரிந்துவில் கடையில் விற்ற இறைச்சியில் கோயிலில் பலியிட்டதும் கலந்திருக்கும். புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவர்கள் வாங்கலாமா, கூடாதா? பவுலின் பதிலில் இரண்டு முனை உண்டு. விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, ஆகவே கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு. ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் ஒருவர், இது படைத்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், சொன்னவரின் மனசாட்சிக்காகச் சாப்பிடாதே. எங்கள் லயத்தில் இது தலைகீழாக நடந்தது. நாங்கள் விசாரிக்க வேண்டிய சங்கடமே வராதபடி, கொடுப்பவரே முந்திக்கொண்டு "படைக்கல" என்று சொன்னார்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பிளவு இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மா வழியில் திருநெல்வேலிச் சீமை, முதலூர்ப் பக்கம், சீர்திருத்தச் சபை. அப்பா தஞ்சாவூர்க் கத்தோலிக்கர். கல்யாணமாகி வந்தபோது அப்பா கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஒரு சாண் உயர வேளாங்கண்ணி மாதா சுரூபம் இருந்தது. பாட்டி அதை உடைக்கவில்லை, வெளியே எறியவும் இல்லை. "அது உங்க அப்பா சாமான்" என்று எங்களுக்குச் சொல்லி, மூலைப் பலகையில் வைக்க விட்டார். தூசி மட்டும் தட்டமாட்டார். அப்பாவே தட்டிக்கொள்வார்.

பத்துக் கட்டளையை மனப்பாடம் செய்தபோது இந்தப் பிளவு கணக்காகவே வெளிப்பட்டது. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை சிலை செய்வதைத் தடுக்கும் பகுதியைத் தனியாக இரண்டாம் கட்டளை என்று எண்ணும். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதை முதல் கட்டளைக்குள் அடக்கி, கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புவார்கள். ஆகவே திருடக்கூடாது என்பது அம்மாவுக்கு எட்டாவது, அப்பாவுக்கு ஏழாவது. பக்கத்துத் தோப்பில் ரம்புத்தான் பறித்து மாட்டிக்கொண்ட என் அண்ணன், எந்தக் கட்டளையை மீறினாய் என்று கேட்டதற்கு, "யார் கேக்கறாங்கங்கறதப் பொறுத்து" என்று சொல்லி இன்னும் இரண்டு அடி வாங்கினான்.

விக்கிரகம் என்ற சொல்லும் கொஞ்சம் பாவப்பட்டதுதான். வடமொழியில் அதற்கு உருவம், மேனி என்றுதான் பொருள். கோயில்காரர்கள் உற்சவ விக்கிரகம் என்று பயபக்தியோடு சொல்வார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதே சொல்லை எடுத்து வேதத்தில் வைத்தார்கள். எங்கள் வாயில் அது வசையாகிவிட்டது. பக்கத்து வீட்டில் சாமி என்பார்கள், எங்கள் வீட்டில் விக்கிரகம் என்போம், இரண்டும் ஒன்றையே சுட்டும்.

எந்தப் பொருள் சாமியுடையது, எந்தப் பொருள் வெறும் தமிழ் வழக்கம் என்ற சண்டை ஜொகூரில் தொடங்கியதல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூல் போட்டு, சந்தனம் பூசி, மரக்கறி உண்டு வாழ்ந்தார். தம்மிடம் வந்த உயர்சாதியார் குடுமியையும் நூலையும் விட வேண்டியதில்லை என்றார். உடன் வேலை செய்த பாதிரியாரே ரோமுக்குப் புகார் எழுதினார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்காமல் இருந்தால் நூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் இருக்கட்டும் என்று அனுமதித்தார். எண்பது ஆண்டு கழித்து, 1704-இல், புதுச்சேரியில் இறங்கிய பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஒரு நீண்ட தடைப் பட்டியல் போட்டார். அதைப் படித்தால் பெரியவர் யாரோ நம் வீட்டு விசேஷத்துக்குள் நுழைந்து ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டுவது போல இருக்கும். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததை ஊரழைத்துக் கொண்டாடக் கூடாது. கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் கோயில் விழாவில் வாசிக்கக் கூடாது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் கடைசி முடிவாக ஒரு சாசனம் எழுதி, இங்கே வரும் குருக்கள் அதைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். அந்தச் சத்தியத்தை ரோம் விலக்கிக்கொண்டது 1940-இல்.

சீர்திருத்தச் சபை பக்கம் தரங்கம்பாடி சீகன்பால்குவின் கதை. 1706-இல் வந்தவர், தமிழர் தெய்வங்களைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டு எழுதி, 1713-இல் ஒரு முழு நூலையே ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலேயில் இருந்த மேலிடம், அவரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே தவிர ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற மனப்பாங்கில் அதைக் கட்டி வைத்துவிட்டது. 1867-இல்தான் ஜெர்மான் என்பவர் அதைச் சென்னையில் அச்சேற்றினார். நூற்றைம்பது ஆண்டு ஒரு புத்தகம் அலமாரியில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன கும்பிடுகிறார் என்று தெரிந்துகொள்வதே ஆபத்து என்ற எண்ணம் அந்த அலமாரியோடு நிற்கவில்லை. எங்கள் லயம் வரை வந்தது. மாரியம்மன் கதை தெரியாமலே நான் வளர்ந்தேன், எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடியில் அவள் கோயில் இருந்தும்.

பாட்டியின் ஊர்க்கதைக்கு வருகிறேன். முதலூர் 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே நிலம் வாங்கி உண்டாக்கிய குடியிருப்பு. முதல் ஊர், ஆகவே முதலூர். அந்தத் தேரிக்காட்டில், பனையேறிப் பிழைத்த சனங்கள் விட்டுவந்தது பெரிய கோபுரத் தெய்வங்களை அல்ல, பேய்க்கோயில்களை. மண் பீடம், ஒரு கல், பலி, கொடை, சாமியாட்டம். இடையன்குடியில் 1841 முதல் இருந்த கால்டுவெல் இதைப் பற்றி எழுதியது அந்த மக்களுக்கே கோபமூட்டியது, அது வேறு கதை. ஆனால் பாட்டியின் மனதில் விக்கிரகம் என்றால் அழகான வெண்கலச் சிலை இல்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். பயம்தான் அது. யாருக்கு எப்போது கோபம் வருமோ என்று கோழியும் சாராயமும் வைத்துக்கொண்டே இருந்த பழைய பயம். அதிலிருந்து தப்பித்தவர்களின் பேத்தி அவர். படைத்த பலகாரத்தைத் தொடமாட்டேன் என்றது அகந்தையால் என்று சின்ன வயதில் நினைத்தேன்.

அந்த ஊரிலிருந்து அவர் கப்பலில் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு: கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைக்க அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட வேண்டும். அது தேவனுக்கு. வாரக் கடைசியில் கோயிலுக்கு. (கோயில் என்றால் சர்ச். திருநெல்வேலியார் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்.) திருநெல்வேலிக்கு மட்டும் உரியதுமல்ல இது. வடகிழக்கே மிசோரமில் 1910 முதல் பெண்கள் இதையே வேறு பெயரில் செய்து ஒரு சபையையே தாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பச்சை மைலோ டின். அடுப்புக்கு வலப்பக்கம், கைக்கு எட்டும் உயரத்தில். அளந்த அரிசி ஐந்து பேருக்குப் போதாத நாளிலும் அந்தப் பிடி உள்ளே போகும். அதைச் செய்யும்போது பாட்டி செபம் எதுவும் சொல்லமாட்டார். கையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

மாதம் ஒரு ஞாயிறு குளுவாங்கிலிருந்து உபதேசியார் சைக்கிளில் வருவார். கிராணி வீட்டு ஐந்தடியில் ஆராதனை. முடிந்ததும் வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசியைச் சுண்டால் அளந்து நோட்டில் எழுதுவார். எங்கள் கணக்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அக்டோபர், நவம்பரில் ஏதோ ஒரு மாதம் குறையும். "எலி" என்பார் பாட்டி. உபதேசியார் எழுதிக்கொள்வார்.

ஜொகூருக்கு எங்கள் ஆட்கள் வந்தது ரயிலைப் பின்தொடர்ந்து. அதற்கு முன் இந்த மாநிலம் சீனர்களின் மிளகும் கம்பீரும் விளைந்த ஆற்றோரங்கள். ஜொகூர் பாருவின் கத்தோலிக்கக் கோயில் 1883-இல், மகாராஜா அபு பக்கார் காலத்தில் எழுந்தபோது அதன் சபையில் பெரும்பாலோர் சீனர்கள். 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை தண்டவாளம் முடிந்தது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று நிலையங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தால் அதுவே தமிழர் குடியேறிய வரைபடம். இரு பக்கமும் காடழித்து ரப்பர். கங்காணியின் கீழ் வந்தவர்கள் முதலில் ஒரு மரத்தடியில் கல் நட்டார்கள், பிறகு அது மாரியம்மன் கோயிலானது. 1924-இல் சிங்கப்பூர்ப் பாலம் திறந்த பிறகு, வசதி இருந்த கத்தோலிக்கத் தமிழர் பெருநாளுக்கு அக்கரைக்கே போனார்கள். ஓப்பீர் சாலையில் 1888-இலேயே தமிழருக்கென்று எழுந்த லூர்து மாதா கோயில் இருந்தது.

தோட்டத்தில் திருவிழா வந்தால் கோயில் வரி. சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். வேதக்காரர் கொடுப்பதா? என் தாத்தா அதற்கு ஒரு வழி கண்டார். கிராணியிடம் போய், தன் பெயருக்கு நேரே "மேளச் செலவு" என்று எழுதச் சொன்னார். பூசைக்கு இல்லை, வாத்தியத்துக்கு. அப்படி எழுதினால் மனசாட்சிக்குக் குத்தாது. 1704-இன் பட்டியலில் கோயிலில் மேளம் வாசிக்கக் கூடாது என்று தனியாக ஒரு தடை இருந்தது பாவம் அவருக்குத் தெரியாது. தூர்னோன் எழுந்து வந்திருந்தால் தாத்தாவைத்தான் முதலில் பிடித்திருப்பார்.

எங்களுக்கும் ஒரு திருவிழா உண்டு: அறுப்புப் பண்டிகை. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ரப்பர் தோட்டத்தில் அறுப்பு ஏது? இருட்டில் பிரட்டுக்குப் போய், விடிவதற்குள் மரத்தடியில் உளியோடு நின்று, பட்டை சீவி, பால் எடுத்து, மறுநாளும் அதையே செய்கிறவர்களுக்கு விதைப்பும் இல்லை, அறுவடையும் இல்லை. பால் துரையுடையது. மரமும் அவருடையது. ஒட்டுப்பாலையா கொண்டுவர முடியும்? ஆகவே பின்கட்டில் விளைந்தது வரும். மரவள்ளிக் கிழங்கு, முருங்கைக் கீரை, ஒரு வாழைத்தார், முட்டை, கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்து ஏலம். சேவலை நாலு பேர் மாறி மாறி ஏலத்தில் எடுத்துத் திரும்பத் திரும்பச் சபைக்கே கொடுப்பார்கள். ஒரே சேவல் மூன்று முறை விலைபோகும். பொழுது சாய்ந்தால் குழம்பு.

இந்த அறுப்புப் பண்டிகை சுத்தமான வேத வழக்கம், பொங்கலோ அஞ்ஞான வழக்கம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆசிரியை ஆன பிறகு ஒரு நாள் தேடிப் பார்த்தேன். இன்றைய உருவில் அதைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில், மார்வென்ஸ்டோ என்ற ஊரின் பாதிரியார் ஹாக்கர். ஆண்டு 1843. முதல் தானியத்தில் அப்பம் சுட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோகும் பழைய கிராமத்து வழக்கத்தை அவர் மீட்டெடுத்தார். முதல் கதிரைக் கொண்டுபோய் வைப்பது மோசே காலத்திலும் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. கார்ன்வால் குடியானவன் செய்தபோது அது பண்டிகை ஆனது. நம்மவர் பானையில் வைத்தபோது விக்கிரகம் ஆனது. இதை முதலில் கண்டபோது எனக்கு வந்தது கோபம். இப்போது கோபமில்லை. மேற்கே ஒருவருக்கு அது முடிந்திருக்கிறது என்றால் இங்கேயும் முடியும் என்றுதான் வகுப்பில் சொன்னேன்.

ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் கேள்வி வேறு முகத்தோடு வந்தது. 1942 சனவரி 31-ஆம் தேதி பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குப் பின்வாங்கிப் பாலத்தை வெடிவைத்துத் துண்டித்தது. அதற்குள் ஜொகூர் முழுக்கப் போய்விட்டது. என் அம்மாவுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது காலையில் வரிசையாக நிற்க வைத்து, பேரரசரின் அரண்மனை இருக்கும் திசை பார்த்து இடுப்பு மடங்கக் குனியச் சொன்னார்கள். வேதக்காரப் பிள்ளை, மாரியம்மன் வீட்டுப் பிள்ளை, எல்லாரும் குனிந்தார்கள். அம்மா வீட்டில் வந்து சொன்னாள். பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தல தப்பட்டும், குனி" என்றாராம்.

கொரியாவில் இதே குனிதலுக்காகச் சபையே உடைந்தது. 1938-இல் அங்கே பிரஸ்பிட்டேரியன் பேரவை, ஜப்பானிய ஆலயத்தில் வணங்குவது சமயச் செயல் அல்ல என்று தீர்மானம் போட வைக்கப்பட்டது. ஏற்காமல் சிறைக்குப் போன போதகர் சூ கி சோல் 1944-இல் சிறையிலேயே இறந்தார். ரோமோ 1936-இலேயே ஜப்பானியக் கத்தோலிக்கருக்கு, அது நாட்டுமரியாதை, போகலாம் என்று சொல்லியிருந்தது. 1939-இல் கன்பூசியஸுக்குச் சீனர் செய்யும் மரியாதைக்கும் அதே நியாயம் கிடைத்தது. நம் பக்கத்துச் சத்தியம் 1940-இல் விலகியதும் அதே காற்றில்தான். ஆட்சியில் இருப்பவனுக்குக் குனிந்தால் மரியாதை, அடுப்பில் பொங்கும் பானைக்கு முன் நின்றால் ஆராதனை. இந்த அளவுகோலை யார் வைத்தார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. சூ கி சோலை நினைத்தால் வாயடைத்துப் போகிறது. பாட்டியை நினைத்தால் அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

தாத்தாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் லயத்திலிருந்து நான்கு பேர் போனார்கள், இரண்டு பேர் வந்தார்கள். தாத்தா வந்த இருவரில் ஒருவர், 1945 கடைசியில், முழங்காலுக்குக் கீழே ஆறாத புண்ணோடு. போனபோது லயம் முழுக்க வேண்டிக்கொண்டது. திரும்பி வந்தபோது கடன் தீர்க்கும் நாள். கோயில்காரர் அதை நேர்த்திக்கடன் என்றார்கள். கத்தோலிக்கக் கிராணியம்மா வேண்டுதல் என்று மெழுகுவர்த்தி ஏற்றினார். எங்கள் பைபிளில் அதற்குப் பொருத்தனை என்று பெயர். தாத்தாவுக்காக மாரியம்மனுக்கு ஒருத்தி மாவிளக்குப் போட்டது பாட்டிக்குத் தெரியும். தடுக்கவும் இல்லை, போய் நிற்கவும் இல்லை. அந்த மாவிளக்கு மாவைப் பிள்ளைகள் தின்றார்களா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். அம்மா சிரித்தாள், பதில் சொல்லவில்லை.

பொங்கல் எங்கள் வீட்டுக்குள் வந்தது கோயில் வழியாக அல்ல, தமிழ் முரசு வழியாக. 1952-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழர் பிரதிநிதித்துவ சபையோடு சேர்ந்து பொங்கலைத் தமிழர் திருநாள் ஆக்கினார். சாதி, சமயம் பாராமல் தமிழர் எல்லாருக்கும் ஒரு நாள் என்ற பேச்சு. அது மலாயா முழுக்கப் பரவித் தோட்டப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று வந்து நின்றது. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையை வீட்டில் பொங்கல் வைக்காதே என்று எப்படிச் சொல்வது?

1965 என்று நினைவு. அப்பாவும் அம்மாவும் பானை வாங்கினார்கள். பாட்டி நிபந்தனை போட்டார்: கோலம் கூடாது, சூடம் கூடாது, சூரியனைப் பார்த்து நிற்கக் கூடாது. கடைசி நிபந்தனைக்காக அடுப்பை வீட்டுக்கு மேற்கே வைத்தார்கள். சனவரி இங்கே அடைமழைக் காலம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கூலி இல்லை. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த தையல்ல இது. வருடத்திலேயே கை வறண்ட மாதம். அன்றைக்கும் தூறல். சூரியன் கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. புகை காற்றில் திரும்பி எங்கள் கண்ணுக்கே வந்தது. அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஜப்பான்காரனுக்கு மட்டும் தெச பாத்துக் குனிஞ்சோம்" என்றாள், யாரையும் பார்க்காமல். பாட்டி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் முந்திரிப்பருப்பு இருந்தது, கிறிஸ்மஸுக்கு வாங்கி மிஞ்சியது. பானையில் போட்டார். பால் பொங்கியபோது எங்களுக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. அண்ணன்தான், "ஸ்தோத்திரம்" என்று கத்தினான்.

அப்பா பக்கம் பிறகு எளிதாயிற்று. 1969-இல் ரோம் இந்திய ஆயர்களுக்குப் பன்னிரண்டு அம்சங்களை ஒப்புக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தி. அந்தக் காற்று இங்கேயும் வீசியது. மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் 1972-இல் உருவான பிறகு நான் பார்த்த தமிழ்ப் பூசைகளில் உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு இல்லாதது அபூர்வம். இன்று தையில் கோயில் முற்றத்தில் பானை ஏறுகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு சபை வைக்கும், ஒரு சபை வைக்காது. ஒரே சபையில் ஒரு போதகர் வைப்பார், அடுத்தவர் நிறுத்துவார்.

2020 சனவரியில் கல்வி அமைச்சு பள்ளிகளுக்கு அனுப்பிய ஒரு கடிதத்தில் பொங்கலைச் சமய விழா என்று குறித்து, முஸ்லிம்கள் கலந்துகொள்வதைப் பற்றிச் சொல்லப்போக, நாடெங்கும் தமிழர்கள் கொதித்தார்கள். பொங்கல் சமயம் அல்ல, பண்பாடு என்று எல்லாரும் எழுதினார்கள். எங்கள் சபைக் குழுவிலும் அதே செய்தியைப் பகிர்ந்தார்கள். பகிர்ந்தவர்களில் இருவர், அதற்கு முந்தின வருடம் சபையில் பானை வைத்ததற்கு முகம் சுளித்தவர்கள். அடுத்தவன் சொல்லும்போதுதான் நம் வாதம் நமக்கே எப்படிக் கேட்கிறது என்று தெரிகிறது.

வகுப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் ஞாயிறு, இன்றைய விக்கிரகம் எது என்று கேட்டேன். உடனே கைத்தொலைபேசி என்றார்கள் பிள்ளைகள். பழகிப்போன பதில், பெற்றோர் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பொருளாசையைத்தான் விக்கிரகாராதனை என்கிறார் என்று எடுத்துக் காட்டினேன். கூடத்தில் சத்தமில்லை. கடைசி வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தார். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார்சைக்கிளை எடுத்துப் பாலத்து வரிசையில் நின்று சிங்கப்பூர் போகிறவர். "டீச்சர், அந்தக் காசு ஒண்ணுக்கு மூணா வரலன்னா எம்புள்ளைக்குக் காலேஜ் இல்ல. இது பொருளாசையா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. என் தாத்தா காலத்திலும் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு எதிராக ஒரு பிரசங்கமும், மாரியம்மனுக்கு எதிராக ஒன்பது பிரசங்கமும் கேட்டிருக்கிறார்கள். செக்ரோலில் பேர் வெட்டும் துரைக்கு எதிராக ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கைப்பிடி அரிசியைப் பற்றிச் சொன்னேன். ஒரு டின் வைத்துப் பாருங்கள் என்றேன். இப்போதெல்லாம் தாமான் வீடுகளில் தினம் உலை வைப்பதில்லை. சிலர் காசு போட்டார்கள். பாலத்துத் தகப்பன் அரிசிதான் போட்டார், வேலை முடிந்து இரவில் சமைக்கும்போது.

அந்தப் பேச்சுக்கு ஆதாரம் தேடித்தான் சின்னம்மாவின் மூத்த மகளைப் பார்க்கப் போனேன். தோட்டத்தைத் துண்டாடி, பின்பு செம்பனை நட்டு, லயத்தை இடித்து ஐம்பது வருடமாகப் போகிறது. அக்காவுக்கு எழுபத்தைந்து வயது, மாசாயில் மகனோடு இருக்கிறார். சாமி அறையில் சின்னம்மாவின் படம், மாலையோடு. தட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"அது சும்மா இல்ல, தெரியுமா? படைக்கிறதுக்கு முந்தி ஒரு முறுக்க நாங்க வாயில வச்சா அடி விழும். முன்னோருக்குப் போகாம வெளிய எடுக்கவே கூடாது. அம்மா மொத ஈட்ட உங்களுக்கு எடுத்து வச்சிட்டு, படத்துக்கு முன்னால போயி, தப்புதான், பொறுத்துக்கோங்க, அவங்க வீட்டுப் புள்ளைங்க திங்கணும்னு சொல்லிட்டுத்தான் வருவாங்க."

எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அக்காவே பேசிக்கொண்டு போனார். மரத்தடி, பால் ஸ்டோர், அந்தத் தட்டு எந்த வருடம் ஓட்டை விழுந்தது என்று. பிறகு ஏதோ நினைவு வந்தவராக,

"ஆனா உங்க பாட்டி ஒரு விஷயத்துல மோசம். தட்டுல போட்டுத் தர்ற அரிசி ஒரு தடவகூட ஒரே ரகமா இருந்ததில்ல. நீளமும் குட்டையும், செவப்பும் வெள்ளையும், குருணையும் எல்லாம் கலந்து கிடக்கும். எங்கதான் புடிச்சாங்களோ. அம்மா கெடந்து பொறுக்கிட்டு இருப்பாங்க" என்றார்.